கோடு கீறின மணி

எழுதித் தரச் சொல்லுறியள். சரி. என்னெண்டு எழுதுறது, அதையும் நீங்களே சொல்லுங்கோ காக்கா. மெசின் பிழை எண்டோ?

இல்லை, கோவிக்கேல்ல. என்ர குரலே இப்பிடித்தான். துறைமுக ஜெட்டியில சாக்குத் தூக்கின காலத்தில எஞ்சின் சத்தத்துக்கு மேலால கத்திக் கதைச்சுப் பழகினது, இப்ப ஏசி போட்ட அறைக்குள்ள இருந்தாலும் இறங்குதில்லை. இருங்கோ. அந்தக் கதிரை ஆடும், இதில இருங்கோ. கிண்ணியாவில இருந்து பஸ்ஸிலயோ வந்தனீங்கள்? இந்த வெயிலுக்க? மகள் அனுப்பினவவோ?

அவவுக்குத் தெரியாதோ. ம். அப்பிடித்தான் நினைச்சன். உம்மு குல்சும் மிஸி அப்பிடி ஆள் விடுற ஆள் இல்லை.

தெரியும் காக்கா, ஏன் தெரியாது. பதினொரு வருசம் அந்த ஆஸ்பத்திரியில நேர்சா வேலை செய்த பிள்ளை, இப்ப வரவேண்டாம் எண்டு நிப்பாட்டி வச்சிருக்கினம். வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. மொனிட்டரின்ர அலாரத்தை நிப்பாட்டிப்போட்டு நோயாளியைப் பாக்காமல் விட்டவ எண்டு குற்றச்சாட்டு. செத்த நோயாளி ஆர்? என்ர சொந்த அண்ணன், கனகசுந்தரம். முறைப்பாடு எழுதினது ஆர்? என்ர அண்ணி, கமலாதேவி. அதுக்குக் கீழ ரெண்டாவது கையெழுத்து ஆரின்ர? ஓம், என்ர. பாத்திருப்பியள். அந்த மொனிட்டரை ஆஸ்பத்திரிக்கு வித்தது ஆர்? அதுவும் நான். பேந்து நீங்கள் வேற ஆரிட்டப் போறது? நல்லா யோசிச்சுத்தான் வந்திருக்கிறியள். மெசின் பிழை எண்டு ஒரு கடிதம். மகளும் தப்பிடுவா, செத்த வீட்டுக்காரருக்கும் ஒரு சமாதானம். உங்கட இடத்தில நான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பன்.

நல்ல பேரம். ஆனா காக்கா, அந்தப் பேரத்தில விலைப்படுற சாமான் என்ர தலை.

ஆறு ஆஸ்பத்திரியில என்ர மொனிட்டர் நிக்குது. நான் ஒரு வரி எழுதினா அடுத்த கிழமை ஆறு இடத்துச் சாமானும் லொறியில வந்து இந்த வாசல்ல இறங்கும். சாமான் விக்கிறதுக்குக் கொழும்பில எடுத்த பதிவும் போயிடும். கட்டைபறிச்சானில இருந்து உடுத்த சாரத்தோட ஓடி வந்தவன் நான். எட்டாம் வகுப்பு. கப்பல்ல கழட்டி எறியிற செம்பும் பித்தளையும் பொறுக்கி வித்து, பிறகு ஆஸ்பத்திரியள் கழிச்சு விடுற கட்டில், தராசு, அதுக்குப் பிறகு பழுதான மொனிட்டர். எத்தினை பேரிட்ட ஏமாந்து, எத்தினை பேரை ஏமாத்தி... சொல்லுறதுக்கென்ன, உங்களுக்குத் தெரியாத யாவாரமோ. விலை சொல்லுறவன்ர வாயைப் பாக்காதை, கையைப் பார் எண்டு எனக்குப் படிப்பிச்சது பள்ளிக்கூடம் இல்லை.

அந்த மெசின் பிழை விடேல்ல காக்கா. அது எனக்கு நிச்சயம். எப்பிடி நிச்சயம் எண்டு இப்ப கேக்காதேங்கோ.

எனக்குப் பிழை விட்டது ஒரு ஆள். லக்சனா.

உங்களுக்குத் தெரியாது, உங்கட மகளுக்கு நல்லாத் தெரியும். உவர்மலைப் பிள்ளை. மொரட்டுவைக் கம்பஸில படிச்சவ. கொழும்பில வேலை கிடைச்சும் தாய்க்குச் சுகமில்லை எண்டு போக ஏலாமல் நிண்ட நேரம், இந்தா இந்த மேசையைக் குடுத்து இருத்தினது நான். முதல் கொம்பியூட்டர் நான் வாங்கிக் குடுத்தது. கலியாண எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து நான் வச்சது. இந்தக் கடைக்குச் சாவி ரெண்டு காக்கா. ஒண்டு என்னட்ட, மற்றது அவவிட்ட. என்ர பெடியள் ரெண்டு பேருக்கும் இல்லை, அவவிட்ட. பத்து வருசம். அந்தப் பத்து வருசத்துக்கும் சேத்து ஒரு உதவி கேட்டன். ஒரு வரி. ஒரே ஒரு வரி. ஏலாது எண்டிட்டா.

என்ன வரியோ? சொல்லுறன், சொல்லாமல் எங்க போறன். தேத்தண்ணியைக் குடியுங்கோ முதல்ல. சீனி காணுமோ?

மொனிட்டர் எண்டா என்ன? உள்ளுக்க இருக்கிற பலகை, வயர் எல்லாம் சீனாவில இருந்து வாறது, காசு வச்சிருக்கிற ஆரும் வாங்கலாம். சாமான்ர பெறுமதி முன்னுக்கு இருக்கிற முகத்தில. எந்த நம்பர் எங்க நிக்க வேணும், எவ்வளவு பெரிசு, என்ன நிறம், எந்த இடத்தில விரல் வச்சா என்ன நடக்கும். அதை யோசிச்சுக் கீறுறதுக்கெண்டு ஒரு படிப்பு இருக்காம். அதுதான் லக்சனா படிச்சது. நான் கேட்டது சின்ன வேலை. சீனாக்காரன்ர திரையில எல்லாம் எறும்பு மாதிரி இங்கிலீசு, எங்கட மிஸிமாருக்கு விளங்குற மாதிரி வடிவா ஒண்டு கீறித் தா பிள்ளை, ரெண்டு கிழமை எண்டன். அவ என்ன செய்தவ தெரியுமோ? ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் கொப்பியும் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாட்டில குந்திட்டா. பத்தொன்பது நாள்!

என்னடி செய்யிறாய் எண்டு போய்க் கேட்டன். சத்தம் எண்ணுறன் அங்கிள் எண்டுறா. ஒரு கட்டில்ல ஒரு நாளைக்கு இருநூறு தரத்துக்கு மேல அலாரம் அடிக்குதாம். அதில மிஸி மெய்யா ஓடிப்போக வேண்டியது நாலோ அஞ்சோ. மிச்சமெல்லாம் விரல்ல கொழுவுற கிளிப் கழண்டது, ஆள் பிரண்டு படுத்தது, இருமினது. எனக்குக் கோவம் ஏறிட்டுது. நான் படம் கீறச் சம்பளம் தாறன், நீ காகம் கத்துறதை எண்ணுறியோ எண்டு வாட்டுக்கயே கத்தினன். உங்கட மகள்தான் ஓடி வந்து, முதலாளி, உங்களால இப்ப மூண்டு கட்டில்ல அலாரம் அடிக்குது, வெளிய போங்கோ எண்டு துரத்தினவ. ஓம் காக்கா, அவவே தான். சிரிக்கிறியள். அண்டைக்கு நான் சிரிக்கேல்ல.

லக்சனா மட்டும் அமைதியாச் சொல்லுறா, அங்கிள், இருநூறு தரம் பொய் சொன்னவன் இருநூத்தியோராம் தரம் உண்மையைச் சொன்னா நீங்கள் எழும்புவியளோ எண்டு.

கெட்டிக்காரி. நான் ஒருநாளும் இல்லை எண்டு சொல்லேல்ல.

பிறகு பாத்தா, மட்டைப் பெட்டியளை மொனிட்டர் அளவுக்கு வெட்டி, கலர்க் கடதாசி ஒட்டி, சின்னப் பிள்ளையள் விளையாடுற மாதிரி. இதில தான் முதல் பரீட்சையாம், கொம்பியூட்டர் பேந்தாம். அதில ஒண்டை வெளிப்படியில வச்சிட்டு உள்ள வந்தா, ஊருக்க மாடு மாதிரித் திரியிற உந்த மான் ஒண்டு வந்து பாதியைத் திண்டிட்டுது. இந்தா, உது தான், இப்பவும் வாசல்ல நிக்குது பாருங்கோ. டேய்! போ! விலைப்பட்டியலைத் திண்டிட்டு நிக்கும். இந்த ஊரில மானுக்கும் எங்களுக்கும் ஒரே குணம், என்ன கிடைச்சாலும் வாயில வச்சுப் பாக்கிறது.

நான் என்ர பாட்டுக்கு ஒரு மட்டை கீறுவிச்சனான். நாலு கோடு, பன்னெண்டு பொத்தான், மேல கடைப் பேர் பொன் நிறத்தில. அவ தன்ர மட்டையில ரெண்டு கோடு, ரெண்டு நம்பர், அவ்வளவு தான். உம்மு குல்சும் மிஸியைக் கூப்பிட்டு, இந்தா ஒட்சிசன் குறையுது, விரலை வையுங்கோ எண்டு ரெண்டையும் குடுத்தவ. என்ர மட்டையில மிஸி அஞ்சு தரத்தில மூண்டு தரம் பிழையான இடத்தில விரல் வச்சா. அதில ஒருக்கா என்ர கடைப் பேரில. லக்சனான்ரயில ஒருக்காலும் பிழைக்கேல்ல. அப்ப மிஸி சொன்னவ, இப்பவும் காதில நிக்குது. எனக்கு எட்டுக் கட்டில் முதலாளி, நான் கட்டிலடியில நிண்டு பாக்கிறேல்ல, வாசல்ல நிண்டுதான் பாக்கிறன். வாசல்ல இருந்து தெரியாத எதையும் இதில கீறாதேங்கோ.

அதால தான் ஒட்சிசன் நம்பர் அவ்வளவு பெரிசு. உங்கட மகள் சொல்லித்தான். ஆறு ஆஸ்பத்திரிக்கும் நான் அதைச் சொல்லியே வித்தனான், இது மிஸிமார் சொல்லிச் செய்த மெசின் எண்டு. மிஸியின்ர பேரைச் சொல்லேல்ல. ஏன் சொல்லுறது, யாவாரம் தானே.

சண்டை வந்தது மணியில.

மணி காக்கா, மணிப் படம். உலகத்தில எல்லா மொனிட்டரிலயும் இருக்கு. ஒரு மணி, குறுக்க ஒரு கோடு. அதை அமத்தினா அலாரம் வாய் மூடும். எவ்வளவு நேரத்துக்கு, அதுதான் கேள்வி. ரெண்டு நிமிசம் எண்டா லக்சனா. ரெண்டு நிமிசம் கழிச்சுத் தானாத் திரும்பி அடிக்க வேணும். ஏனெண்டா அந்தப் பத்தொன்பது நாளும் அவ பாத்தது மிஸிமாரை மட்டும் இல்லை. எங்கட சனத்தைத் தெரியும் தானே. ஒரு நோயாளிக்கு நாலு பேர், கட்டிலைச் சுத்திச் சோத்துப் பார்சலோட. மிஸி ஒருக்கா மணியை அமத்திறதைக் கண்டாக் காணும், அடுத்த தரம் மிஸியைக் கூப்பிடாமல் அவையே அமத்துவினம். ஏன் பிள்ளையை அலைக்கழிப்பான் எண்டு ஒரு பாவம் பாத்து. உதவி செய்யிறம் எண்டு நினைச்சுத்தான் செய்யிறது. லக்சனா கொப்பியில எழுதி வச்சிருந்தவ, ஒரு நாளைக்கு அமத்தினது அறுபது விரலாம், அதில நாப்பத்தொண்டு சொந்தக்காரரின்ர விரலாம்.

ஆஸ்பத்திரி நடத்திற டொக்டர் விடுவாரோ? காசு கட்டிப் படுக்க வந்தவனை நித்திரை கொள்ள விடாத சாமான் எனக்கு வேண்டாம், முழுக்க நிப்பாட்ட வழி வேணும், மற்றக் கொம்பனிச் சாமான்ல இருக்கு எண்டார். நான் வந்து லக்சனாவோட மீன் ஏலம் போட்டன். ஒரு மணித்தியாலம் எண்டன். ரெண்டு நிமிசம் எண்டா. அரை மணி எண்டன். ரெண்டு நிமிசம். நீ என்ன கடிகாரமோ எண்டு கேட்டன். கடைசியா இப்பிடி முடிஞ்சுது: ஆர் அமத்தினாலும் ரெண்டு நிமிசம் தான். முழுக்க நிப்பாட்ட வேணுமெண்டா நாலு இலக்கத்தில ஒரு ரகசிய நம்பர் அடிக்க வேணும். அடிச்சா, திரையின்ர மேல் விளிம்பு முழுக்கச் சிவப்புப் பட்டை விழும், சத்தம் நிப்பாட்டி இருக்கு எண்டு மூண்டு பாசையிலயும்.

வாசல்ல இருந்து என்ன, வீதியில நிண்டாலும் தெரியும் அந்தப் பட்டை. டொக்டர்மாருக்குக் கண்ணில காட்ட ஏலாது. சொந்தக்காரர் பயந்திடுவினமாம். நானும் குறைச்சன். முழு அகலத்தில இருந்து கை அகலம். கை அகலத்தில இருந்து விரல் அகலம். கடைசியா இந்தா, இந்த நகக்கண் அளவு. மூலையில, மஞ்சள்ல, கோடு கீறின மணி. அவ்வளவு தான்.

லக்சனா ஒரு கடதாசியை நீட்டினவ. இது நான் சொன்னதில்லை, முதலாளி சொன்னது எண்டு எழுதி, கையெழுத்து வையுங்கோ அங்கிள் எண்டு. வச்சன். சிரிச்சுக்கொண்டு வச்சன் காக்கா. பேரத்தில வெண்டவன் சிரிக்கத்தானே வேணும்.

ஓம். வாசல்ல இருந்து தெரியாது. ஓம் காக்கா, எனக்கு விளங்குது. அண்டைக்கு அவ வாசல்ல தான் நிண்டிருப்பா, இல்லாட்டி மற்றக் கட்டில்ல ஆரையோ தூக்கி இருத்திக்கொண்டு முதுகு காட்டி நிண்டிருப்பா. சத்தம் இல்லை. நகக்கண் தெரியாது. நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. ஆனா அதை மெசின்ர பிழை எண்டு எழுத ஏலாது. கேட்டதைக் கேட்டபடி கீறினது, கீறினபடி வேலை செய்யிற சாமான்.

அந்த நம்பரோ? அது வாட்டுக்கு வாட்டு வேற வேற நம்பரா இருக்க வேணும் எண்டுதான் அவ சொன்னவ. நடைமுறைக்குச் சரிவரேல்ல. மறந்து போடுவினம். போன் மேல போன். நான் ஆறு ஆஸ்பத்திரிக்கும் ஒரே நம்பரைப் போட்டு, அதை ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டன். தேவையெண்டா என்னைக் கூப்பிடுங்கோ, நான் வந்து அடிச்சுத் தாறன். போவன், டொக்டர்மார் எழும்பி இடம் விடுவினம், ஒரு கையால மறைச்சு மற்றக் கையால அடிப்பன். பகிடியா இருக்கலாம் உங்களுக்கு. சாக்குத் தூக்கினவன் ஒருத்தன் வந்து கை வச்சாத்தான் டொக்டரின்ர சாமான் கேக்கும் எண்டா, அது சின்ன விசயமோ?

உங்கட மகள் சொல்லுறது எனக்குத் தெரியும். நான் நிப்பாட்டேல்ல, எனக்கு நம்பரே தெரியாது எண்டு. ஒருத்தரும் நம்பேல்ல. முதலாளி வந்து அடிக்கேக்க எட்டிப் பாத்து வச்சிருப்பாய் எண்டு டொக்டர் சொன்னவர். நானும் அந்த இடத்தில தான் நிண்டன். என்னைத் திரும்பிப் பாத்தவர், என்ன ரத்தினம், அப்பிடித்தானே எண்டு. நான் ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. செத்த வீட்டுக்காரன். என்னை ஆர் நெருக்கிக் கேக்கிறது?

உங்கட மகள் என்னைப் பாத்தவ. ஏசியிருந்தாப் பரவாயில்லை.

வாறன், வாறன். லக்சனாவின்ர துரோகத்துக்கு வாறன்.

அந்த மெசினுக்குள்ள ஒரு டயரி இருக்கு காக்கா. ஆர் எந்த நேரம் என்ன அமத்தினது, எந்த நம்பர் எத்தினை மணிக்குக் குறைஞ்சது, எல்லாத்தையும் அது தானா எழுதி வைக்கும். லக்சனா வச்ச வேலை. எனக்குத் தெரியாமல் வைக்கேல்ல, அதையும் சொல்லத்தானே வேணும். நான் அதைக் காட்டிக் காட்டி வித்தனான். டொக்டர், உங்கட மிஸிமார் கள்ளம் அடிச்சாப் பிடிக்கலாம் எண்டு. உடன வாங்கிப் போட்டினம்.

அண்ணன் செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிஞ்சு அடுத்த நாள் அவ வந்து, இப்ப நீங்கள் இருக்கிற கதிரையில இருந்தவ. விசாரணைக்கு டயரியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கினம் அங்கிள், இறக்கிப் பாத்தன், ரகசிய நம்பரை ஆரோ அடிச்சிருக்கினம், அது எப்பிடி மிஸிக்குப் போனது எண்டு நெத்தியைத் தேச்சுக்கொண்டு என்னைக் கேக்கிறா. மெய்யாவே கேக்கிறா. அவவுக்கு ஒண்டும் தெரியாது காக்கா! நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா அவ தேச்ச நெத்தியோட எழும்பிப் போயிருப்பா. முப்பது வருசம் பேரம் பேசினவன். எதிராளிக்கு என்ன தேவை எண்டு தெரியிறதுக்கு முதல் தன்ர விலையைச் சொல்லக்கூடாது எண்டு ஊருக்கே புத்தி சொல்லுறவன். நான் சொன்னன், பிள்ளை, அந்த ஒரு வரியை அழிச்சு விடு எண்டு.

அவ என்ர கையைப் பாத்தா. முகத்தை இல்லை, கையை. நான் பழக்கினது தான்.

ஒரு வரியை அழிச்சா மிச்சம் எல்லா வரியும் பொய் அங்கிள் எண்டா. ஆறு ஆஸ்பத்திரியிலயும் பொய். நான் கெஞ்சினன். காக்கா, நான் ஆரிட்டயும் கெஞ்சினதில்லை. தாய்க்கு மருந்து எடுக்க என்ர வான் போனதைச் சொல்லிக் காட்டினன். கொம்பியூட்டரைச் சொன்னன், கலியாணத்தைச் சொன்னன். கேவலம் தான், சொன்னன். இந்தக் கடையை உன்ர பேரில பாதி எழுதுறன் எண்டன். எல்லாத்தையும் கேட்டுப்போட்டு அவ சொல்லுறா, அங்கிள், வியாழன் பத்து மணி வரைக்கும் நான் வாய் திறக்கமாட்டன். நீங்களாப் போய்ச் சொன்னா நான் அதுக்குப் பிறகும் திறக்கமாட்டன். நீங்கள் போகாட்டி, வரியையும் வாசிப்பன், நீங்கள் அழிக்கச் சொன்னதையும் சொல்லுவன்.

எனக்குத் தவணை! இந்த மேசையில இருத்தினவனுக்கு, இந்த மேசையிலயே இருந்துகொண்டு! சாவியை எடுத்து இதில வச்சிட்டுப் போயிட்டா. அழுதுகொண்டுதான் போனவ. அழுதா? அழுதாப்போலத் துரோகம் துரோகம் இல்லையோ? கப்பல்காரன் ஏமாத்தினான், பொறுத்தன். கொழும்பில கந்தோர் கந்தோரா ஏமாத்தினாங்கள், அதையும் பொறுத்தன். ஒருத்தனையும் நான் நம்பினதில்லை, அதால ஒருத்தனும் என்னை முறிக்கேல்ல. நம்பினது ஒரு ஆளை. நாலு நாளாச் சோறு இறங்குதில்லை காக்கா.

ஓம். அந்த வரி. அதைத்தான் கேப்பியள் எண்டு தெரியும்.

பெரிசா ஒண்டும் இல்லை. திகதி. பின்னேரம் மூண்டு பன்னெண்டு. ஆறாம் கட்டில். சத்தம் முழுக்க நிப்பாட்டினது, ரகசிய நம்பரால. அவ்வளவு தான். அதுக்குக் கீழ ஒட்சிசன் குறையிறது வரி வரியா இருக்கு, நான் அதை வாசிக்கேல்ல. உங்கட மகள் ஓடிவந்து திரையைத் தொட்டது நாலு மணி அஞ்சு நிமிசத்துக்கு.

மகளுக்கு அந்த நம்பர் தெரியாது காக்கா. எட்டிப் பாக்கவும் ஏலாது, நான் மறைக்கிற மாதிரி மறைச்சா. தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான். லக்சனா அண்டைக்குக் கொழும்பில.

அண்ணன்ர விரல் குளிர்ந்து போய்க் கிடந்தது, கிளிப் நிக்குதில்லை. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்காக் கத்துது. மற்றக் கட்டில்காரர் எல்லாம் திரும்பிப் பாக்கினம். அண்ணன் துறைமுகக் கந்தோரில கிளாக்கரா இருந்தவர், என்னைப் பழைய இரும்புக்காரன் எண்டு தன்ர சிநேகிதருக்குக் காட்டாத மனிசன். அண்டைக்குக் கண்ணைத் திறந்து, டேய் ரத்தினம், உன்ர சாமானும் உன்னை மாதிரித்தான், வாயை மூடத் தெரியாது எண்டார். வாட்டே சிரிச்சுது. அவரும் சிரிச்சார், இருமி இருமி. என்னோட அவர் விட்ட பகிடி எண்டு எனக்கு வேற ஒண்டும் நினைவில்லை. அந்தச் சந்தோசத்தில அடிச்சன் நாலு இலக்கத்தையும். போகேக்க திருப்பிப் போடுவம் எண்டுதான். உடன நித்திரையாப் போனார், மூண்டு நாளைக்குப் பிறகு. அப்ப போன் வந்தது, வவுனியாவில ஒரு டொக்டர், மெசின் ரெண்டுக்கு விலை கேக்கிறார். வாட்டுக்க கத்தக்கூடாதெண்டு வெளிய வந்தன். கதைச்சுக் கதைச்சு படி இறங்கி, கதைச்சுக்கொண்டே வானுக்க ஏறிட்டன்.

அந்தப் பேரம் எனக்குத்தான் வெற்றி.

அதுதான் காக்கா, மெசின் பிழை எண்டு என்னால எழுதித் தர ஏலாது. அது நான் சொன்னதைத்தான் செய்தது. இல்லை, எழும்பாதேங்கோ, இருங்கோ. கடிதம் கேட்டுத்தானே வந்தனீங்கள். மகளின்ர முழுப் பேரைச் சொல்லுங்கோ. முறைப்பாட்டில கையெழுத்து வைக்கேக்க நான் அதை வாசிக்கேல்ல.